அலெக்சாந்திரியா பக்கம், தேவனஹள்ளிதான் தூரம்!

ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு சிப்காட் கம்பெனி ஒன்றில் முப்பது வருட சர்வீஸ். இப்போதுதான் ரிட்டயர் ஆகி, பி.எஃப். பணம் கைக்கு வந்திருக்கிறது. மகள் காலேஜில் படிக்கிறாள், சரித்திரப் பைத்தியம்.

"சிங்கப்பூர், மலேசியா எல்லாம் எல்லாரும் போறாங்கப்பா. நாம அலெக்சாந்திரியா போலாம்" என்கிறாள்.

"அது எங்கடி இருக்கு?" இது அம்மா.

எகிப்தில், மத்தியதரைக் கடற்கரையில் இருக்கிறது. கி.மு. 331-ல் அலெக்சாந்தர் தொடங்கிய ஊர். கப்பல்களுக்கு வழிகாட்டிய ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் இங்கேதான் நின்றது. பூகம்பங்களில் விழுந்துபோன அதன் இடத்தில் 1477-ல் கட்டிய கைட்பே கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. பழைய உலகத்தின் பெரிய நூலகம் இருந்ததும் இங்கேதான். அதன் நினைவாக 2002-ல் புதிய நூலகம் ஒன்றும் திறந்தார்கள். மகள் இவ்வளவையும் மூச்சு விடாமல் ஒப்பித்ததும் அப்பா தலையாட்டிவிட்டார்.

பிளானிங் ஆரம்பம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதி இருக்கிறதா, விசாவுக்கு என்னென்ன பேப்பர், கோடை வெயிலைத் தவிர்த்துவிட்டு எந்த மாதம் போவது, பெங்களூரிலிருந்து வளைகுடாவில் இறங்கி மாறுவதா, கெய்ரோவில் இறங்கி ரயிலில் போவதா, ஆளுக்கு எத்தனை கிலோ பெட்டி... எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று நாளில் பதில் கிடைத்துவிட்டது. பதிலே கிடைக்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

விமானம் விடியற்காலை நாலரைக்கு என்றால் ஒன்றரை மணிக்கே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வா என்பது வழக்கம். அப்படியானால் ஓசூரில் ராத்திரி பதினோரு மணிக்காவது வண்டி ஏற வேண்டும். அதுவே காலை பத்து மணி விமானம் என்றால் விடிவதற்கு முன் கிளம்பணும். ராத்திரி ஒன்பது மணி விமானம் என்றால் மத்தியானச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பிவிடணும். வெள்ளிக்கிழமை என்றால் அதுவும் போதாது. தெரிந்த டாக்சி டிரைவரிடம் கேட்டால் அவர் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்கிறார். "சில்க் போர்டு தாண்டுறது நம்ம கையில இல்லீங்க சார், ஹெப்பால் கடவுள் கையில இருக்கு!"

பெங்களூரிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு நேர்கோட்டில் 5,200 கி.மீ.க்கு மேல். வளைகுடாவுக்கு சுமார் நாலு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு நாலு மணி நேரம், ஆக எட்டு மணி நேரம் ஆகாயத்தில். ஓசூரிலிருந்து தேவனஹள்ளிக்குச் சாலையில் 75-லிருந்து 80 கி.மீ. இதைக் கடக்க சாதாரண நாளில் இரண்டரை மணி நேரம், கெட்ட நாளில் நான்கு. நாலு மணி நேரத்தில் அரபிக்கடலைத் தாண்டிவிடலாம், பெங்களூரைத் தாண்ட முடியுமா என்பதுதான் சந்தேகம்.

பெங்களூர் டிராபிக் அப்படித்தான், தலைவிதி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் இதில் விதி பாதிதான். மீதி பாதி ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட விஷயம். அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த 150 கிலோமீட்டர்

2004 ஜூலை 5-ல் மத்திய அரசுக்கும் பெங்களூர் சர்வதேச விமான நிலைய நிறுவனத்துக்கும் இடையே ஒரு சலுகை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ஒரு பிரிவு உண்டு. தேவனஹள்ளியிலிருந்து வான்வழியே 150 கி.மீ. தூரத்துக்குள், மைசூர், ஹாசன் நீங்கலாக, வேறு எந்த விமான நிலையத்தையும் சர்வதேச விமான நிலையமாக வளர்க்க மத்திய அரசு அனுமதி தராது. எத்தனை காலத்துக்கு? விமான நிலையம் திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு. திறந்தது 2008 மே 24. ஆக, 2033 மே வரைக்கும் இந்த வட்டம் பூட்டிய வட்டம்.

மேப்பை எடுத்து, காம்பஸை தேவனஹள்ளியில் ஊன்றி, ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஓசூர் ஐம்பது கி.மீ. சொச்சத்தில் விழுகிறது. கிருஷ்ணகிரி தொண்ணூறு சொச்சத்தில். தர்மபுரியும் உள்ளே. திருப்பத்தூரும் உள்ளே. சேலம் மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளி நின்று தப்பித்துக்கொண்டது. அதனால்தான் சேலத்தில் 2018-ல் விமானம் வந்தது, நடுவில் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடியும் வந்தது. வட்டத்துக்கு உள்ளே இருக்கும் ஓசூரின் பெயர் மத்திய அரசின் உடான் திட்டத்தில் பலமுறை அடிபட்டது. ஆனால் ஒரு பயணிகள் விமானம்கூட எழும்பவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்டபோதும் கைகாட்டப்பட்டது இந்தப் பிரிவைத்தான்.

இதில் கொடுமை, ஓசூரில் ஓடுதளம் இல்லாமல் இல்லை. தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஓடுதளம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 அடி நீளம். விமானங்களைப் பழுது பார்க்கும் வேலை அங்கே நடக்கிறது. விமானம் சர்வீசுக்கு ஓசூர் வரும், ஓசூர்க்காரர் விமானம் ஏற தேவனஹள்ளி போவார்.

பி.காம். படிக்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் வணிகச் சட்டப் பேப்பரில் இரண்டு விஷயம் சொல்வான். ஒன்று, ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் கட்டுப்படுத்தும், வெளியாளை அல்ல. இரண்டு, 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடுக்கும் அளவுக்குச் செல்லாது. அரசு கொடுக்கும் சலுகை ஒப்பந்தத்துக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது என்று வக்கீல்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆனால் அந்தப் பாடத்துக்குப் பின்னால் இருக்கிற நியாயம் என்ன? உன் லாபத்துக்காக மூன்றாவது ஆளின் வழியை அடைக்காதே என்பதுதானே?

இங்கே மூன்றாவது ஆள் யார்? ஓசூர்க்காரர். கையெழுத்துப் போட்டது மத்திய அரசும் அந்த நிறுவனமும். கர்நாடக அரசு 2005-ல் தனியாக ஓர் ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. விமான நிலையப் பங்குகளில் அதன் நிறுவனத்துக்கு 13 சதவீதம், இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு 13 சதவீதம், மீதி தனியாருக்கு. கர்நாடகத்துக்கு மேஜையிலும் இடம், லாபத்திலும் பங்கு. தமிழ்நாட்டுக்கு இரண்டும் இல்லை. வட்டத்துக்குள் விழுந்த மூன்று தமிழ் மாவட்டத் தலைநகரங்களுக்கு 25 வருட விரதம் மட்டும்!

2008-ல் நடந்தது என்ன?

அதற்கு முன்னால் பெங்களூர் விமானங்கள் எச்.ஏ.எல். ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பின. அது ஊரின் கிழக்குப் பக்கம். ஓசூரிலிருந்து 40 கி.மீ.க்குள். தேவனஹள்ளி திறந்த அதே இரவில் எச்.ஏ.எல்.லில் வழக்கமான பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஒரே ராத்திரியில் ஓசூர்க்காரரின் ஏர்போர்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் தள்ளிப்போனது. அதுவும் நகரத்தின் கிழக்கு வாசலிலிருந்து வடக்கு வாசலுக்கு. முன்னால் நகரத்தைத் தொட்டுவிட்டுப் போனால் போதும். இப்போது முழு நகரத்தையும் குறுக்கே கிழித்துக்கொண்டு போக வேண்டும்.

2010-ல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் வந்தது. பத்து கி.மீ. பறந்து போய் சில்க் போர்டில் இறங்கி நின்றுகொள்ளலாம். டோல் தனி. தேவனஹள்ளிக்கு முன்னால் இன்னொரு டோல். எல்லை தாண்டும் வண்டிக்கு பெர்மிட் பேச்சு அது பாட்டுக்கு.

சிப்காட்டை நினைத்துப் பாருங்கள். 1970-களில் தொடங்கிய தொழிற்பேட்டை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று நாடறிந்த பெயர்கள் எல்லாம் இந்த மண்ணில் வேர் விட்டன. இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் மொபைல் போன் பாகங்களும் இதே மாவட்டத்தில் தயாராகின்றன. இவ்வளவு தொழிற்சாலைகள் வரலாம், அதில் வேலை பார்ப்பவர் விமானம் ஏற மட்டும் ஊரில் இடமில்லை.

ரோஜாவின் கதை இன்னும் மோசம். ஓசூர் பக்கத்து பசுமைக்குடில் ரோஜாக்கள் காதலர் தினத்துக்கு வெளிநாடு போகின்றன என்று ஒவ்வொரு பிப்ரவரியும் பேப்பரில் படம் போடுகிறார்கள். அந்த ரோஜாவும் குளிர்சாதன வண்டியில் ஏறி இதே சில்க் போர்டு, இதே ஹெப்பால் வழியாகத்தான் போகிறது. மனிதனாவது வண்டியில் தூங்கலாம், பூ வாடும். வாடிய நேரத்துக்கு யார் பில் போடுவது? காமர்ஸ் பாடத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். எந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. ஆனால் யாரோ ஒருவர் கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

வக்காலத்து வாங்குபவர்களுக்கு

"பல்லாயிரம் கோடி முதலீடு போடுபவனுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2004-ல் தனியார் விமான நிலையம் என்பது புது விஷயம். பயணிகள் வருவார்களா என்று அப்போது தெரியாது. பச்சைக் குழந்தைக்குத் தொட்டில் கட்டுவது தப்பில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு இப்போது என்ன வயசு? 2019-ல் இரண்டாவது ஓடுதளம் வந்துவிட்டது. 2022-ல் இரண்டாவது டெர்மினல் திறந்தாகிவிட்டது. 2024-25 நிதியாண்டில் அங்கே வந்துபோன பயணிகள் 4 கோடிக்கு மேல். கூட்டம் தாங்காது என்று கர்நாடக அரசே பெங்களூருக்கு இரண்டாவது விமான நிலையம் கட்ட கனகபுரா ரோட்டிலும் நெலமங்களா பக்கமும் இடம் பார்க்கிறது. இரண்டாவது தேவைப்படும் அளவுக்குக் கூட்டம் என்றால், முதலாவதுக்குப் பாதுகாப்பு எதற்கு? மீசை முளைத்த பிறகும் தொட்டில் கேட்பவனை ஊர் என்ன சொல்லும்?

"ஓசூரில் யாருங்க அவ்வளவு விமானத்தில் போறாங்க?" இது இரண்டாவது கேள்வி. இதில் ஒரு ஏளனம் ஒளிந்திருக்கிறது. ஃபாக்டரியில் வேலை பார்ப்பவன் பஸ்ஸில் போனால் போதும், அலெக்சாந்திரியா அவனுக்கு எதற்கு என்கிற ஏளனம். வளைகுடாவில் வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள், பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் பாட்டிகள், மெஷின் ரிப்பேருக்கு வரும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் இவர்கள் எல்லாம் கணக்கில் வரமாட்டார்கள் போலிருக்கிறது! ஊரில் விமானமே இல்லாதபோது ஊரில் யாரும் பறப்பதில்லை என்பது, பாலம் இல்லாத ஆற்றைக் காட்டி யாரும் கடப்பதில்லையே என்று சொல்வது போல.

அலெக்சாந்திரியா தமிழனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் முசிறியிலிருந்து மிளகும் தந்தமும் துணியும் செங்கடல் துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து ஒட்டகத்தில் ஏறி, நைல் நதியில் படகு மாறி அலெக்சாந்திரியா சேர்ந்தன. ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்கைக் குறித்து எழுதிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒப்பந்தம் வியன்னாவில் இருக்கிறது. செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற இடத்தில் தோண்டியபோது கணன், சாதன் என்று தமிழ்-பிராமியில் பெயர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. பாஸ்போர்ட் இல்லாத காலத்திலேயே கணனும் சாதனும் எகிப்து போய்விட்டார்கள். அவர்கள் காத்திருந்தது பருவக்காற்றுக்கு. ஓசூர்க்காரர் காத்திருப்பது ஹெப்பால் சிக்னலுக்கு.

அந்தக் காலத்திலும் வழியில் வரி உண்டு. இந்தியச் சரக்குக்கு ரோமானியர்கள் நாலில் ஒரு பங்கு, 25 சதவீதம் பிடித்தார்கள். அநியாய வரிதான். ஆனால் ரோமானியன் ஒரு காரியம் செய்தான். வரி வாங்கிய பாலைவன வழியில் கிணறு வெட்டினான், காவல் சாவடி போட்டான். வழிக்குக் காசு வாங்கினால் வழியைப் பராமரிக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச புத்தி அவனுக்கு இருந்தது.

எந்தப் பக்கமும் சுத்தமில்லை

தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2024 ஜூன் 27-ல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் 110-வது விதியின் கீழ் அறிவித்தார். ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம், வருடம் 3 கோடி பயணிகளைக் கையாளும் அளவுக்கு. மேஜைகள் தட்டப்பட்டன. ஓசூரில் மனை விளம்பரங்கள் மறுநாளே கலர் மாறின. "ஏர்போர்ட் அருகில்" என்று போடாத பிளாட் போர்டு இல்லை.

2,000 ஏக்கர் எங்கிருந்து வரும்? பேரிகை, பாகலூர் பக்கத்து நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் அங்கே விவசாயிகள் வயிற்றில் புளி கரைந்தது. காய்கறியும் பூவும் விளையும் மண் அது. எந்த ரோஜாவை விமானத்தில் ஏற்ற வேண்டும் என்று ஏர்போர்ட் கேட்கிறார்களோ அந்த ரோஜா விளையும் நிலமே ஓடுதளமாகப் போனால், ஏற்றுவதற்கு என்ன மிஞ்சும்? பரந்தூரில் 2022-ல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் வருடக்கணக்கில் போராடியதை நாடே பார்த்தது. அந்தப் பாடத்தைப் படிக்காமல் அடுத்த பரீட்சைக்கு உட்காரக் கூடாது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. 3 கோடிப் பேருக்கான விமான நிலையம் பற்றிப் பேசுவது சுலபம், ஏனென்றால் அது பத்து வருடம் கழித்து வரும் விஷயம். ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்டியோடு ஒரு குடும்பம் ராத்திரி பதினோரு மணிக்கு எப்படி தேவனஹள்ளி போகும் என்று பேசுவது கஷ்டம், ஏனென்றால் அது இன்றைக்கே செய்ய வேண்டிய விஷயம்.

கர்நாடகப் பக்கம் பார்ப்போம். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை திறந்தார்கள். அத்திப்பள்ளி எல்லைக்குப் பத்து கி.மீ. இருக்கும்போதே தண்டவாளம் நின்றுவிட்டது. அதை ஓசூர் வரை நீட்டலாமா என்று சென்னை மெட்ரோ நிறுவனம் ஆய்வு செய்தது. பெங்களூர் மெட்ரோ தரப்பிலிருந்து வந்த பதில், இரண்டு மெட்ரோவின் மின்சார முறையும் வேறு வேறு, சேராது என்பது. உண்மைதான், அங்கே 750 வோல்ட், இங்கே 25,000 வோல்ட். சரி, சேராவிட்டால் போகட்டும். ஒரு ஸ்டேஷனில் இறங்கி எதிர் பிளாட்பாரத்தில் மாறி ஏற மனிதனுக்குத் தெரியாதா? வளைகுடாவில் விமானமே மாறுகிறான்!

இதை தமிழ்-கன்னடச் சண்டையாக்க ஒரு கூட்டம் இரண்டு பக்கமும் ரெடியாக இருக்கிறது. அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனேக்கல், அத்திப்பள்ளி, சந்தாபுராவில் இருக்கும் கன்னடக்காரரும் இதே ரோட்டில்தான் இதே மூன்று மணி நேரத்தைத் தொலைக்கிறார். டிராபிக்குக்கு மொழி கிடையாது. இங்கே சண்டை இரண்டு மொழிக்கு நடுவில் இல்லை, ஒரு ஒப்பந்தத்துக்கும் அதில் கையெழுத்துப் போடாத பயணிக்கும் நடுவில்.

உரிமை எடுத்தவனுக்குக் கடமை இல்லையா?

விஷயத்தின் மையம் இதுதான். முற்றுரிமை கொடுப்பதே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. மின்சாரம், ரயில், குடிநீர் எல்லாவற்றிலும் முற்றுரிமை உண்டு. ஆனால் அங்கெல்லாம் உரிமையோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மின் வாரியம் மட்டும்தான் கரண்ட் விற்கலாம் என்றால், கேட்கும் வீட்டுக்கு எல்லாம் கம்பி இழுப்பதும் அதன் வேலை. லாபம் உள்ள தெருவுக்கு மட்டும் இழுப்பேன் என்று சொல்ல முடியாது.

இந்த 150 கி.மீ. வட்டத்தில் உரிமை மட்டும் வட்டமாக இருக்கிறது. கடமை வெறும் புள்ளியாக தேவனஹள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. வட்டத்துக்குள் இருப்பவன் வேறு எங்கேயும் போகக் கூடாது, என்னிடம்தான் வர வேண்டும். ஆனால் எப்படி வருவான் என்பது என் கவலை இல்லை. இது வியாபாரமா? ஊரில் ஒரே மளிகைக் கடை வைக்க உரிமை வாங்கிக்கொண்டு, கடைக்குப் போகும் பாதையை முள் அடைத்திருந்தால் அது உன் பாடு என்று சொல்லும் செட்டியாரை எந்த ஊர் பொறுத்துக்கொள்ளும்? போதாததற்கு, வந்து சேர்ந்தவனிடம் டிக்கெட்டிலேயே பயனாளர் வளர்ச்சிக் கட்டணமும் உண்டு. அந்தக் கட்டணத்தை ஓசூர்க்காரரும் கட்டுகிறார், கிருஷ்ணகிரிக்காரரும் கட்டுகிறார். வளர்ச்சி மட்டும் எல்லை தாண்டி வரவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது ஆகாயக் கோட்டை அல்ல, பச்சையான நாலு காரியம்.

முதலாவது ரயில். இதற்குப் புதிதாக நிலம்கூட எடுக்க வேண்டாம். ஓசூர் ரயில் பாதை பையப்பனஹள்ளி போகிறது. அங்கிருந்து சன்னசந்திரா, எலஹங்கா வழியாக தேவனஹள்ளிப் பக்கம் பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் 2021 ஜனவரியில் விமான நிலையத்துக்கென்றே ஒரு ஹால்ட் ஸ்டேஷனும் திறந்தார்கள். தண்டவாளம் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது. ஓசூரிலிருந்து விமான நேரத்துக்குப் பொருந்தும்படி நேராக ஓடும் ரயில்தான் வேண்டும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்று ரயிலே இல்லை என்பது தனிச் சோகம். அவர்கள் ஓசூர் வரைக்குமாவது வந்து ஏறலாம்.

இரண்டாவது பஸ். பெங்களூர் நகருக்குள் ஏர்போர்ட் பஸ்கள் நன்றாகவே ஓடுகின்றன. பெட்டி வைக்க இடம், ஏ.சி., எல்லாம் உண்டு. ஓசூர்க்காரர் அதைப் பிடிக்க எலக்ட்ரானிக் சிட்டி வரை இன்னொரு வண்டி பிடித்துப் போகிறார். இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் உட்கார்ந்து பேசி, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருந்து இரவு பகலாக நேர் பஸ் விடட்டும். தொலைவில் நிற்பவனை ஏற்றி வரும் செலவில் ஒரு பங்கை, முற்றுரிமை வைத்திருக்கும் விமான நிலையம் ஏற்கட்டும்.

மூன்றாவது, இருக்கிற ஓடுதளம். பேளகொண்டப்பள்ளி தனியாருடையது, பக்கத்தில் எச்.ஏ.எல். வான்பரப்பு இருக்கிறது, சிக்கல்கள் உண்டு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சென்னைக்கோ கொச்சிக்கோ சிறிய விமானம் நாலு போவதால் 4 கோடிப் பயணிகள் உள்ள விமான நிலையம் திவாலாகுமா? டெல்லி பக்கம் பாருங்கள். அங்கே ஒப்பந்தம் வேறு மாதிரி என்பது உண்மை. இருந்தாலும் 2019-ல் ஹிண்டனில் விமானப்படைத் தளத்திலேயே பயணிகள் சேவை தொடங்க முடிந்தது. ஜேவரில் 2021-ல் இன்னொரு பெரிய விமான நிலையத்துக்கு அடிக்கல் நாட்ட முடிந்தது. தலைநகரத்துக்கு வளையும் சட்டம், எல்லையோர ஊருக்கு மட்டும் இரும்பாகிவிடுகிறது.

நாலாவது, 2033. அந்த மே மாதம் தானாக வரும். ஆனால் தடை தானாகப் போய்விடும் என்று தூங்கிவிடக் கூடாது. விமான நிலையத்தின் சலுகைக் காலம் 30 வருடத்தோடு முடிவதில்லை, மேலும் 30 வருடம் நீட்டிக்க ஒப்பந்தத்திலேயே வழி உண்டு. நீட்டிப்பு என்ற பெயரில் 150 கி.மீ. வட்டமும் சந்தடி சாக்கில் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது யார் வேலை? ஓட்டு வாங்கிய எம்.பி.க்கள் வேலை. இந்த முறை மேஜையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்வதும் அவர்கள் வேலைதான். அதற்குப் பிறகு ஓசூரில் பெரிய விமான நிலையம் வேண்டுமா, எந்த இடத்தில், எத்தனை ஏக்கரில் என்பதை நிலம் வைத்திருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசி முடிவு செய்யட்டும்.

பாகலூர் ரோட்டுக் குடும்பத்துக்கு வருவோம். கடைசியில் என்ன முடிவு செய்வார்கள்? முதல் நாளே பெங்களூர் வடக்கில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கிவிடலாம் என்றுதான். விமானத்தைத் தவற விடும் பயத்துக்கு ஒரு நாள் வாடகை. அப்பா நோட்டில் செலவுக் கணக்கு எழுதுகிறார். விசா, டிக்கெட், சாப்பாடு, அலெக்சாந்திரியா ஹோட்டல்... எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில் "பெங்களூர் லாட்ஜ், ஒரு ராத்திரி" என்று எழுதுகிறார்.

அந்த ஒரு வரியை அவர் கணக்கில் எழுதியது யார்? 2004-ல் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்கள் எழுதிவிட்ட செலவை வருடா வருடம் கட்டிக்கொண்டிருப்பது ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் மக்கள். 2033 வரைக்கும் இதே வரியை எழுதிக்கொண்டே இருப்பதா, இப்போதே கேட்பதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.